ததேயுஸின் வலை

கிட்ட வந்து உட்காருங்கள் மக்களே, ஒரு வலையின் கதை சொல்கிறேன். எங்கள் கடற்கரைக் கால்பந்து கிளப்பில், மேனேஜர் வீட்டு மீன்வலைதான் கோல் கம்பத்தில் தொங்கும். கிழிந்தால் அவரே தைக்க வேண்டும். பத்து வருடமாக மேனேஜர் ததேயுஸ்தான், வலையும் அவருடையதுதான். மூன்று ஆட்டம் தோற்றதும் அவரை நீக்கிவிட்டுப் பட்டணத்திலிருந்து ஒருவரைக் கொண்டுவந்தார்கள். அவர் போனதைக் கொண்டாடி ததேயுஸின் வாசலிலேயே வெடி போட்டார்கள். சாயங்காலம் அதே ஆட்கள் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றார்கள்.

"அண்ணே, புது ஆளுக்கு வலையில்ல. ஒம்ம வலை அங்கயே கெடக்கட்டுமா?"

"கெடக்கட்டும்டே. கிழிசல மட்டும் அவரு தைக்கட்டும்."

கொஞ்ச நாளில் வலையில் ஒரு கிழிசல் விழுந்தது. புதியவருக்கு வலையூசி பிடிக்கத் தெரியாது. "அது வழியா பந்தா போவப்போவுது?" என்று கிளப் ஆட்கள் சிரித்துவிட்டார்கள்.

கோப்பை ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் எங்கள் பெஸ்கி அடித்த பந்து, கோலுக்குள் நுழைந்து, அந்தக் கிழிசல் வழியாகவே கடலுக்குப் போனது. கோல் இல்லை, பந்து வெளியே என்று நடுவர் கைகாட்டிவிட்டார். ஊரே திரும்பி ததேயுஸின் வீட்டைப் பார்த்தது. கதவு சாத்தியிருந்தது.

வெடியோடு யாரும் உங்கள் வாசலுக்கு வராதிருக்கட்டும், மக்களே. உங்கள் வீட்டுக் கிழிசலைத் தைக்க ஒரு கை எப்போதும் உள்ளே இருக்கட்டும்.