பெட்டியில் இடமில்லை

“என் தலையணை எங்க?”

பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு சூசைமாணிக்கம் போட்ட சத்தத்தில் வாசலில் மேய்ந்த கோழிகள் கலைந்து ஓடின. வெள்ளக்கடை காப்பி எஸ்டேட்டில் அவர் கணக்கு எழுதும் ரைட்டர். முதலாளி முன்னால் வாய் திறக்காதவர். அங்கே மிச்சம் பிடித்ததையெல்லாம் வீட்டில் வந்து செலவழிப்பார்.

“பெட்டிக்குள்ள போகலீங்க. கையில எடுத்துக்கலாம்” என்றாள் அவர் மனைவி தேவகுமாரி.

“வேற தலையணையில படுத்தா எனக்குக் கழுத்து புடிச்சுக்கும்னு தெரியாதா? ஆஸ்பத்திரியில நொம்ப நாள் கெடக்கணும். டாக்டர் ஆபரேஷன்னு சொன்னதுல இருந்து நான் கண்ண மூடல. நீ என்னடான்னா வாயத் தொறக்காம நிக்கற.”

அவள் தலையணையைக் கயிறு போட்டுக் கட்டினாள்.

மலையில் பிறந்து வளர்ந்த உடம்புக்குச் சேலத்து வெயில் ஆகாது என்று விசிறி கேட்டார். சேலத்துக் கொசுவை நினைத்துக் கொசுவலை கேட்டார். நாலு வேட்டி போதாது, இன்னும் இரண்டு வை என்றார். வெற்றிலைப் பெட்டியை மறந்திருந்தாள் என்பதற்காக அவளுடைய அம்மா வீட்டு ஆட்கள் வரை இழுத்துத் திட்டினார். கடைசியில் டிரான்சிஸ்டருக்குத்தான் இடம் போதவில்லை. அடியில் மடித்து வைத்திருந்த இரண்டு சேலைகளை உருவித் தரையில் வீசினார்.

“அங்க என்ன மாதா கோயில் தேரா ஓடுது? கட்டியிருக்கற சேலை போதும்.”

தேவகுமாரிக்கு வந்த கோபத்தில் அந்த டிரான்சிஸ்டரை எடுத்துச் சுவரில் அடிக்கலாம் போல இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து கோபத்தை விழுங்கியே பழகியவள், இதையும் விழுங்கிவிட்டுச் சேலைகளைப் பொறுக்கிக் கொடியில் போட்டாள். காலைக் கஞ்சியைத்தான் அவளால் விழுங்க முடியவில்லை. அது அடுப்படியில் ஆடை கட்டிக் கிடந்தது.

பஸ்ஸுக்குக் கிளம்பும் நேரத்தில் கடைக்கார ஹலீமா ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்தாள். “தைரியமா இருங்க ரைட்டரய்யா. எல்லாம் நல்லபடியா முடிஞ்சு ஊடு வந்து சேருவீங்க” என்றாள். சூசைமாணிக்கம் கண் கலங்கத் தலையாட்டினார். அவள் படியிறங்கியதும், பாட்டிலைத் திறந்து ஒரு டம்ளர் கலக்கச் சொல்லி நின்றபடியே குடித்தார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் அவருக்கு. ஏற்காட்டைத் தாண்டி மலை இறங்கத் தொடங்கியதும் தேவகுமாரி முன்சீட்டுக் கம்பியில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். வளைவுக்கு வளைவு அவள் உடம்பு சுருண்டது.

“நான் உசுரக் கையில புடிச்சுட்டு வர்றேன். உனக்குத் தூக்கம் கேக்குதா?” என்று அவர் சீறியதில் கண்டக்டரே திரும்பிப் பார்த்தார்.

சேலத்து ஆஸ்பத்திரியில் கட்டில் காலியாகத்தான் இருந்தது. நர்ஸ் பெட்டியைத் திறந்தாள். வேட்டி, பனியன், சவர செட், வெற்றிலைப் பெட்டி, டிரான்சிஸ்டர் என்று ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைக்க வைக்க அவள் முகம் கடுத்தது.

“இத்தன சாமான் கொண்டாந்திருக்கீங்க. பேஷன்டுக்கு மாத்துத் துணி ஒண்ணு இல்லையே?”

சூசைமாணிக்கம் டிரான்சிஸ்டரைக் கையில் எடுத்துக்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தார். கட்டில் கம்பியைப் பிடித்தபடி நின்ற தேவகுமாரி, வாழ்க்கையில் முதல் தடவையாக அவரை முந்திக்கொண்டாள்.

“பெட்டியில இருக்கறது பூராவும் அவருதுங்க சிஸ்டர்” என்றபடி அந்தக் கட்டிலில் ஏறிப் படுத்தாள். “என் வயித்துல இருக்கற கட்டி மட்டுந்தான் என்னுது.”