இடுக்கு அடைக்கிற மாவு

உலகத்தாருக்கு அறிவிப்பது யாதெனில், ஓஹாக்கா மலையடியில் கிரிசாந்தோவும் அவன் மனைவி டெல்ஃபினாவும் தொடங்கியிருக்கும் சாராய ஆலை இன்று தன் முதல் சொட்டை ஈன்றருளப் போகிறது. ஆலை என்பது அடுப்பில் இரண்டடுக்கு மண்பானையும் ஒரு மூங்கில் குழாயும். வருடக்கணக்கில் வளர்த்த கற்றாழையின் புளித்த சாறு முழுவதும் அதற்குள் கொதிக்கிறது. கிரிசாந்தோ தொப்பியை மார்பில் அணைத்தபடி ஊர்த்தலைவரிடம், "இது வெறும் சரக்கு இல்லீங்க, நம்ம மண்ணோட ஆன்மா" என்கிறான். டெல்ஃபினா பானைகள் சேரும் இடுக்கையே பார்க்கிறாள். குழாய்க்குப் போகவேண்டிய சாராய ஆவி அங்கிருந்து சீறுகிறது. காலை வெயிலில் அது வெள்ளிபோல் மினுங்குவது அவள் எரிச்சலைக் கூட்டுகிறது. குழாயின் வாய் காய்ந்து கிடக்கிறது. "அபுந்தியோ! அடுப்பு மூட்டறதுக்கு முன்னாடி இடுக்கை அடைன்னு சோளமாவு பிசைஞ்சு குடுத்தேனே, எங்கடா?" அவள் தம்பி பல்லிளிக்கிறான். "ரொட்டி தட்டிட்டேன்க்கா. வந்தவங்க பசியோட நிக்கறாங்கல்ல?" "சாம்பல் கலந்த மாவுடா அது!" "அதான் ஆளாளுக்கு மொளகாச் சட்னி கேக்கறாங்களா?" ஈரத்துணியை இடுக்கில் திணித்து விரலைச் சுட்டுக்கொள்கிறாள் டெல்ஃபினா. கிரிசாந்தோவின் குரல் உச்சத்துக்கு ஏறுகிறது. "இந்த ஆன்மாவை எவனாலயும் அடைச்சு வைக்க முடியாது!" ரொட்டி மென்றபடியே கூட்டம் கைதட்டுகிறது.

பானையில் இப்போது மிச்சமிருப்பது கற்றாழைக் கஷாயம்.