ஐம்பது வார்த்தைக்குள் ஒரு கொள்கை

மதிய மணிக்குள் வேண்டுமாம். ஆசிரியர் அறை மேசையில் தலைமையாசிரியை அனுப்பிய படிவம் கிடக்கிறது: 'வாழ்க்கையும் கல்வியும்: உங்கள் சொந்தக் கொள்கை, ஐம்பது வார்த்தைக்குள்.' கணக்கு டீச்சர் பேனா மூடியைக் கடித்தபடி மின்விசிறியைப் பார்க்கிறாள். கிறீச் கிறீச் என்று சுற்றுகிறதே தவிர, அது காற்றையும் தரவில்லை, கொள்கையையும் தரவில்லை. வெளியே வராந்தா பெஞ்சில் ஓர் அம்மாள் மடியில் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறாள். நேற்றுப் பரீட்சையில் அவள் மகள் பக்கத்துப் பெண்ணைப் பார்த்து எழுதியபோது கையும் களவுமாகப் பிடித்தது கணக்கு டீச்சர்தான்.

"சரித்திர டீச்சர், உங்க கொள்கையைக் கொஞ்சம் குடுங்க, பாத்துட்டுத் தரேன்" என்கிறார் விளையாட்டு மாஸ்டர். அவர் முடித்ததும் அந்தத் தாள், போன மாதம் வேலைக்குச் சேர்ந்த வேதியியல் சாரிடம் போகிறது. அவரும் எழுதி முடித்து, இரண்டு தாளையும் கணக்கு டீச்சர் பக்கம் தள்ளுகிறார். "ஏன் சார், 'என் இருபத்திரண்டு வருட அனுபவத்தில்'னு எழுதியிருக்கீங்களே, உங்க வயசே இருபத்தஞ்சுதானே?" என்கிறாள் கணக்கு டீச்சர். அவர் நாக்கைக் கடித்துக்கொள்கிறார். "விடுங்க டீச்சர், இதையெல்லாம் யாரு படிக்கப் போறா?" தலையெழுத்து என்று அவள் நெற்றியில் அடித்துக்கொள்கிறாள். மணியடிக்க நான்கே நிமிடம். 'மாணவரிடம் நேர்மையை வளர்ப்பதே கல்வி' என்று தொடங்கும் சரித்திர டீச்சரின் தாளை அருகே இழுக்கிறாள். இருபத்திரண்டைப் பத்தொன்பதாக்கித் தன் தாளில் எழுதுகிறாள். ஜன்னலுக்கு அப்பால் அந்த அம்மாள் எழுந்து நிற்கிறாள். டீச்சரின் இடது கை தானாகவே தாளை மறைக்கிறது.