இரண்டாம் பதிப்பு வந்த நாள்

பாதையே இல்லாத காட்டிலும் மணலிலும் செயற்கைக்கோளின் துணையோடு வண்டி ஓட்டுவது எப்படி என்று சொல்லும் கையேடு ஒன்று, பரஞ்சோதியின் ஜீப்பில் ராணி மாதிரி வாழ்ந்துவந்தது. ஒருநாள் அதன் பக்கத்தில், பளபளக்கும் அட்டையோடு இரண்டாம் பதிப்பு வந்து உட்கார்ந்தது. பழையதற்கு வயிறு எரிந்தது.

"அக்கா, உங்களை வச்சுத்தான் என்னை எழுதினாங்க," என்றது புதியது. "ஆற்றைக் கடக்கிற இடத்தை மட்டும் மாத்தியிருக்காங்க. வெள்ளத்துக்கு அப்புறம் அங்கே ஒரே புதைமணலாம். எழுதினவங்களே நேரில் போய்ப் பார்த்தாங்க."

"நேத்து அச்சான நீ எனக்குப் பாடம் எடுக்கிறியா?"

அந்நேரம் ஜீப் ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தது. அந்தக் குலுக்கலைச் சாக்காக வைத்து, பழையது ஓர் இடி இடித்தது. புதியது திறந்திருந்த பக்கவாட்டின் வழியே புதருக்குள் போய் விழுந்தது.

கொஞ்ச தூரத்தில் ஆறு வந்தது. பரஞ்சோதி இருக்கையைத் துழாவினார். கைக்குக் கிடைத்த பழையதைப் பிரித்து, அதிலிருந்த இடக்குறிப்பை ஜிபிஎஸ் கருவியில் ஏற்றினார். பழையதற்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

ஆற்றில் இறங்கிய ஜீப் அச்சு வரை புதைந்தது.

"எங்கேடா கொண்டுவந்து விட்டே?" என்று பழையது கருவியிடம் கத்தியது.

"நீங்க சொன்ன இடம்தான் அக்கா. ஓர் அடிகூடப் பிசகலை."

பரஞ்சோதி அந்தத் தடித்த புத்தகத்தைச் சக்கரத்தடியில் செருகி, ஆக்சிலரேட்டரை மிதித்தார். ஜீப் அதன்மேல் ஏறிப் பின்வாங்கி, இறங்கிய கரைக்கே வந்து சேர்ந்தது. பிறகு புதியதைத் தேடி, வந்த வழியே திரும்பியது.

சேற்றில் கிடந்த பழையது, புதருக்குப் பக்கத்தில் ஜீப் நிற்கும் சத்தத்தைக் கேட்டது.