நாடி அறுபத்து நான்கு

ராணியைப் பலி கொடுத்துக் காலிறுதியை வென்ற மறுநாளே, இணையச் சதுரங்கப் போட்டிக் குழு செண்பகவல்லியை விசாரணைக்கு அழைத்தது. மணிக்கட்டில் நாடிப் பட்டை கட்டிக்கொண்டுதான் எல்லாரும் ஆட வேண்டும். அபாரமான நகர்வுக்கு நாடி எகிறாவிட்டால், அது கணினி சொல்லிக்கொடுத்த நகர்வு என்று பொருள்.

திரையில் நடுவர் வரைபடத்தைக் காட்டினார். "ராணியை வெட்டுக் கொடுக்கும்போது உங்க நாடி வெறும் அறுபத்து நாலுதாம்மா. ஒரு மனுஷிக்குப் படபடக்காதா?"

"அது நானாக் கொடுத்தது சார். எதுக்குப் படபடக்கணும்?"

"அப்ப பன்னெண்டாவது நகர்வுல, சும்மா ஒரு சிப்பாயைத் தள்ளினதுக்கு நூத்திருபது எப்படி?"

"அடுப்புல பால் பொங்கிருச்சு."

நடுவர் சிரிக்கவில்லை. "அரையிறுதியிலயும் இப்படின்னா ஆயுள் தடைதான்."

"இருக்காது சார்," என்றாள்.

அரையிறுதி அன்று மடிக்கணினியைச் சமையல் மேடையில் வைத்துக்கொண்டாள். முப்பதாவது நகர்வில் மறுபடியும் ராணியைக் கொடுக்க வழி தெரிந்தது. அரை லிட்டர் பாலை அடுப்பில் ஏற்றித் தீயைக் கூட்டினாள். நுரை விளிம்பைத் தாண்டியது. நாடி நூற்றிருபதைத் தொட்டது.

செண்பகவல்லி அடுப்பை அணைக்காமல் ராணியை நகர்த்தினாள்.