திரையிலும் டச்சு

"வாசல்ல நில்லு கிரீட். யாராவது பாத்தா என் வேலை போயிடும்" என்றாள் சொலான்ஜ்.

"இன்னுமா நீ அதை மாத்தல? அந்த ஆளு கீழ வண்டிய நிறுத்திட்டாருடி!" என்றாள் பக்கத்து மேசைக்காரி கிரீட்.

பெல்ஜியத்தில் பிரஸ்ஸல்ஸை ஒட்டிய அந்த நகராட்சி அலுவலகத்தில் சட்டப்படி எல்லாமே டச்சு மொழியில்தான் நடக்க வேண்டும், கணினித் திரை உட்பட. சொலான்ஜின் தாய்மொழி பிரெஞ்சு. டச்சு பேசிச் சமாளித்துவிடுவாள். ஆனால் திரையில் பிரெஞ்சு இருந்தால்தான் அவளுக்கு வேலை ஓடும். ஏற்கெனவே ஓர் எச்சரிக்கைக் கடிதம் வாங்கியிருந்தாள். இன்னொன்று வந்தால் வீட்டுக்குத்தான்.

மொழியை மாற்றினாள். கணினி அணைந்து, சாவகாசமாக விழித்தது. திரையில் டச்சுச் சொற்கள் வந்து நின்ற நொடியில் மொழி ஆய்வாளர் ஃபெர்லிண்டன் உள்ளே நுழைந்தார்.

கோட்டைக்கூடக் கழற்றவில்லை. அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்து திரையையே வெகுநேரம் பார்த்தார்.

"இதுல சேமிக்கிறது எங்க இருக்கு? காட்டுங்க."

சொலான்ஜ் இடத்தை நினைவில் வைத்துத் தொட்டுக் காட்டினாள். சரியாக இருந்தது.

"அச்சடிக்கிறது?"

அதையும் காட்டினாள்.

"மொத்தக் கோப்பையும் மேலிடத்துக்கு அனுப்புறது?"

இந்த முறை விரல் தவறான இடத்துக்குப் போனது. கிரீட் பாய்ந்து வந்தாள். "அது இங்க இருக்கு சார். இவ காலையிலருந்து காபி குடிக்கல, அதான்."

ஃபெர்லிண்டன் சிரிக்கவில்லை. குறிப்பேட்டில் ஏதோ எழுதினார்.

"அப்ப மூணு காபி கொண்டாங்க. அவசரமில்ல, மெதுவா வாங்க."

கிரீட் போனதும் நடைவழியை ஒருமுறை எட்டிப் பார்த்தார். "உங்களப் பத்தின அறிக்கைய இந்தக் கணினியிலருந்தே நான் இப்ப அனுப்பியாகணும்" என்றார்.

சொலான்ஜ் விசைப்பலகையின் மேல் கையை வைத்து மறித்தாள். "சார், எனக்கு ரெண்டு பிள்ளைங்க. வீட்டுக்காரருக்கும் வேலை இல்ல..."

அவர் கையை உயர்த்தி அவளை நிறுத்தினார். குரலைத் தாழ்த்தினார்.

"பழையபடி பிரெஞ்சுக்கே மாத்திக் குடுங்க மேடம், இதுல எனக்கு ஒண்ணும் புரியல."