பல் டாக்டரின் மீன் தொட்டி

இந்தக் காலத்தில் யாரையும் நம்ப முடியவில்லை என்று ஊரே புலம்புகிறது. பல் ஆஸ்பத்திரி வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் காவல்காரப் பெரியவருக்கு அந்தப் புலம்பல் புரியவே இல்லை. எந்தக் காலத்தில் நம்ப முடிந்தது? வலிக்கிறது என்று வருகிறவன் நிஜமாகவே வலியோடுதான் வருகிறானா என்று, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவார்.

பயந்து நடுங்கும் நோயாளிகள் மீனைப் பார்த்தால் அமைதியாகிவிடுவார்கள் என்று யாரோ டாக்டரிடம் சொல்லப்போக, காத்திருக்கும் அறைக்கு ஆள் நீளத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி வந்தது. பச்சைச் செடி, காற்றுக் குமிழி, தண்ணீரை வெதுவெதுப்பாக வைக்க ஹீட்டர், விளக்கைப் போட்டால் மினுங்கும் நீலக்கோட்டு மீன்கள். நோயாளிகள் அமைதியாகவில்லை. டாக்டருக்குத்தான் நிம்மதி போயிற்று. எண்ணிப் பார்த்தால் இரண்டு மீனைக் காணோம்.

"செத்திருக்கும் டாக்டர். மத்த மீனுங்க தின்னிருக்கும்" என்றாள் வரவேற்பு மேஜைப் பெண்.

பெரியவர் ஒப்புக்கொள்ளவில்லை. "கூட இருக்கறவனையே தின்கறது மனுஷன் புத்திம்மா. மீனுக்கு ஏது அவ்வளவு சாமர்த்தியம்? எவனோ ஆட்டையைப் போட்டுட்டான்."

டாக்டருக்கும் அதுதான் சரியென்று பட்டது. "அப்படின்னா வாசல்ல நீங்க எதுக்குப் பெரியவரே? இன்னொரு மீன் குறைஞ்சுதுன்னா நான் வேற ஆள் பார்த்துக்கறேன்."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார் பெரியவர். இந்த வயசில் வேறு எவன் வேலை கொடுப்பான்? நாள் முழுக்க மருமகள் முகத்தைப் பார்த்துக்கொண்டு வீட்டில் முடங்க வேண்டியதுதான். ஸ்டூலைத் தூக்கிவந்து தொட்டிக்குப் பக்கத்திலேயே போட்டார்.

மறுநாளே ஒருவன் வந்து சேர்ந்தான். தோளில் பை, முகத்தில் பவ்யம். கன்னத்தில் வீக்கம் இல்லை. பல்லெல்லாம் முத்து மாதிரி இருந்தது. நாற்காலிகள் காலியாகக் கிடக்க, நேராகத் தொட்டிக்கு முன்னால் போய் நின்றான். கண்ணாடியில் புறங்கையை வைத்துச் சூடு பார்த்தான்.

"தண்ணி பதமாத்தான் இருக்கு. ஐயா, இதுல சின்னதைக் கடிக்கிற மாதிரி பெரிய மீன் ஏதும் இல்லையே?"

"இருந்தா உனக்கென்ன?"

"சும்மா கேட்டேன். மூடிக்குப் பூட்டு உண்டுங்களா?"

"பூட்டு எதுக்கு? நான் இருக்கேன். நீ பல்லைக் காட்ட வந்தியா, நோட்டம் பார்க்க வந்தியா?"

அவன் இளித்துவிட்டுப் போய்விட்டான்.

அடுத்த நாளும் வந்தான். டாக்டர் எப்போது சாப்பிடப் போவார் என்று மேஜைப் பெண்ணிடம் விசாரித்தது பெரியவர் காதில் விழுந்தது. சரி, நேரம் குறித்துவிட்டான் திருடன். டாக்டர் சாப்பிடக் கிளம்பியதும் பெரியவர் கழிப்பறைக்குப் போவதுபோல எழுந்து, கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்.

மூடி திறக்கும் சத்தம் கேட்டது. தண்ணீர் தளும்பும் சத்தம் கேட்டது. பாய்ந்து வந்து காலரைப் பிடித்தார். அவனுடைய கை முழங்கைவரை நனைந்திருந்தது. தொட்டித் தண்ணீரில் ஒரு பிளாஸ்டிக் பை மிதந்தது. பை நிறைய மீன்.

"மாட்டினியா!"

"ஐயா, நான் எடுக்கலைங்க. நான் வந்து..."

"எடுக்காமத்தான் பை நிறைய நெளியுதா? ஊத்துடா உள்ள!"

"ஊத்தவா?"

"ஒண்ணு விடாம ஊத்து!"

அவன் ஒரு சொட்டுகூட வெளியே சிந்தாமல் பதவிசாக ஊற்றினான். நோயாளிகள் பல்வலியை மறந்து செல்போனில் படம் பிடித்தார்கள். அந்தத் தொட்டி வந்த காரியம் அன்றைக்குத்தான் நிறைவேறியது.

"வேற எங்கடா பதுக்கி வச்சிருக்கே?"

அவன் தலையைச் சொறிந்தான். "வண்டியில இன்னும் ரெண்டு பை இருக்குங்க."

"கொண்டா அதையும்!"

காலரை விடாமலே வண்டிவரை கூட்டிப்போய்க் கூட்டிவந்தார். அந்த இரண்டு பையும் தொட்டிக்குள் காலியாயின. டாக்டர் திரும்பி வந்தபோது மீன்களுக்கு நடுவில் தண்ணீரைத் தேட வேண்டியிருந்தது.

"பெரியவரே, காணாமப் போனது ரெண்டுதானே?"

"போன இடத்துல குட்டி போட்டிருக்கும் டாக்டர்."

"நம்ம மீனுக்கு இவ்வளவு பெரிய வாலா இருந்துச்சு?"

"பயத்துல விரிச்சிருக்கு."

பல்லைத் தவிர வேறெதையும் உற்றுப் பார்த்துப் பழகாத டாக்டர், பெரியவரின் தோளில் தட்டினார். "நீங்க இருக்கற வரைக்கும் இந்த வாசல் உங்களோடது" என்றார். போலீசுக்குப் போனால் ஆஸ்பத்திரி பேர்தான் கெடும், இனி இந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது என்று எச்சரித்து விட்டுவிடலாம் என்றும் சொன்னார்.

அவன் சந்தோஷமாகச் சத்தியம் செய்தான். போகிறபோது காலிப் பைகளை வேறு கேட்டு வாங்கிக்கொண்டான். கொழுப்பைப் பாருங்கள்!

தெருமுனை தாண்டும்வரை இவனையெல்லாம் நம்பக் கூடாது என்று பெரியவர் கேட்வரை பின்னாலேயே போனார். அவன் வண்டியில் உட்கார்ந்து போனை எடுத்தான்.

"நம்ம வீட்டுத் தொட்டியில பெருகிப்போன குட்டி மொத்தத்தையும் தள்ளி விட்டாச்சுடி, சும்மா குடுத்தாக்கூட தெருவுல ஒருத்தரும் வாங்கல, இங்க ஒரு பெரியவர் காலரைப் பிடிச்சு வாங்கிக்கிட்டாரு" என்று அவன் மனைவியிடம் சொல்லிச் சிரித்தது காதில் விழ, கட்டினவளிடம்கூடவா ஒருத்தன் இப்படிப் புளுகுவான் என்று தலையில் அடித்துக்கொண்டே பெரியவர் உள்ளே நடந்தார்.